சாமுவேல் ஃபூட்

சாமுவேல் ஃபூட் (1720 – அக்டோபர் 21, 1777) ஜார்ஜிய கால இங்கிலாந்தைச் சேர்ந்த நாடக ஆசிரியர், நகைச்சுவை நடிகர், அரங்க மேலாளர் ஆவார். தம் காலத்துப் பிரபலங்களின் குரலையும் நடையையும் மேடையில் அப்படியே நடித்துக்காட்டிப் புகழ் பெற்றார். அதே கலை அவருக்குப் பல பகைகளையும் தேடித் தந்தது.

இளமைக் காலம்

கார்ன்வாலில் உள்ள ட்ரூரோ நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தும் பட்டம் பெறவில்லை. 1741 இல் கடற்படை அதிகாரியான அவருடைய தாய்மாமன் ஒருவர், தம் உடன்பிறந்த அண்ணனையே கப்பலில் கொலை செய்வித்துத் தூக்கிலிடப்பட்டார். இக்கொலை பற்றி ஃபூட் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடனால் சிறை சென்ற அவர், 1744 இல் ஒத்தெல்லோ வேடத்தில் மேடையேறினார்.

நாடகப் பணி

1737 ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, உரிமம் பெறாத அரங்குகளில் கட்டணம் வாங்கி நாடகம் நடத்த முடியாது. 1747 இல் ஹேமார்க்கெட் அரங்கில் ஃபூட் நடத்திய நிகழ்ச்சி தடுக்கப்பட்டது. உடனே அவர், தம்முடன் சாக்லேட் பானம் அருந்த வருமாறு நண்பர்களை அழைப்பதாக விளம்பரம் செய்தார். கட்டணம் பானத்திற்கு, நாடகம் இலவசம். மக்கள் திரண்டு வந்தனர்.

‘தி மைனர்’ (1760) நாடகத்தில் சமயப் பரப்புரையாளர் ஜார்ஜ் வைட்ஃபீல்டைக் கேலி செய்தார். ‘தி நபாப்’ (1772) கிழக்கிந்தியக் கம்பெனி மூலம் இந்தியாவில் பெருஞ்செல்வம் சேர்த்துத் திரும்பியவர்களைச் சாடியது. தலைப்பிலுள்ள சொல் ‘நவாப்’ என்பதன் ஆங்கில வடிவமாகும்.

1766 இல் குதிரையிலிருந்து விழுந்து ஒரு காலை இழந்தார். அப்போது உடனிருந்த, அரசரின் தம்பியான யார்க் கோமகனின் உதவியால், ஹேமார்க்கெட்டில் கோடைக்காலத்தில் நாடகம் நடத்தும் அரச உரிமம் கிடைத்தது. மரக்காலுடன் நடித்த அவர், அதையே நகைச்சுவையாக்கி ‘தி லேம் லவர்’ (1770) நாடகத்தை எழுதினார்.

வழக்கும் இறப்பும்

இருவரை மணந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிங்ஸ்டன் கோமகள் எலிசபெத் சட்லியைக் கேலி செய்து 1775 இல் ‘எ ட்ரிப் டு காலே’ எழுதினார். அந்நாடகம் தடை செய்யப்பட்டது. கோமகளின் ஆதரவாளர்கள் செய்தித்தாள்களில் ஃபூட்டை ஒருபாலுறவாளர் எனத் தாக்கினர். ஒருபாலுறவு அன்று மரண தண்டனைக்குரிய குற்றம். தொடர்ந்து, ஃபூட் தம்மிடம் பாலியல் அத்துமீறலுக்கு முயன்றதாக அவருடைய முன்னாள் பணியாள் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1776 டிசம்பரில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு விசாரித்த இவ்வழக்கில் ஃபூட் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானது.

எனினும் அவர் உடல்நலம் குன்றியது. ஹேமார்க்கெட் உரிமையை ஜார்ஜ் கோல்மனிடம் விட்டுக்கொடுத்தார். பிரான்சுக்குச் செல்லும் வழியில் டோவரில் காலமானார். அவருடைய உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடு

அவரை ‘ஆங்கிலேய அரிஸ்டாஃபனீஸ்’ என்று அழைத்தனர். கேலிக்குள்ளானவர் யார் என்று பார்வையாளர் அறிந்தால்தான் அவருடைய நாடகங்கள் சிரிப்பூட்டும். அதனாலேயே அவை இன்று அரிதாகவே மேடையேறுகின்றன.