உங்களுக்குத் தெரியுமா? தவறிய பந்துக்கும் கணக்கு வேண்டும்!

கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக் கூடைப்பந்துக்குக் கூட்டம் அள்ளும். இத்தகைய போட்டிகளுக்கான, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படியான ஸ்கோர்ஷீட்டில் இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு, மூன்று புள்ளிக்குக் கூடவே வீரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுல், டைம்-அவுட்டுக்கும் கட்டங்கள் உண்டு. கூடையில் விழாத பந்துக்கோ இடமே இல்லை! 20 புள்ளி எடுத்தவர் 12 முறை எறிந்தாரா, 25 முறை எறிந்தாரா என்பது அதில் தெரியாது.

வெறும் சதவீதமும் ஏமாற்றும். உள்ளேயிருந்து 10 எறிந்து 5 போட்டால் 50 சதவீதம், 10 புள்ளி. கோட்டுக்கு வெளியிலிருந்து 10 எறிந்து 4 போட்டால் 40 சதவீதம்தான், ஆனால் 12 புள்ளி! அதனால்தான் மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரையாக எண்ணும் கணக்கு வந்தது; அதன்படி வெளியிலிருந்து எறிந்தவருக்கு 60 சதவீதம்.

தடுப்பாட்டத்தின் கணக்கும் தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக், ஸ்டீலையும் (பந்தைப் பறிப்பது) பிளாக்கையும் (எறிந்த பந்தைத் தடுப்பது) முறையாக எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். எதிரணியின் பாஸைக் கைநீட்டித் தட்டிவிடுவது போன்ற உழைப்புக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பள்ளி, கல்லூரிப் பயிற்சியாளர்களே, பெஞ்சில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தவறியதையும் தட்டிவிட்டதையும் குறிக்கச் சொல்லுங்கள்.