பெயருக்கு நீளம் எத்தனை?

சென்ற பொங்கல் விழாவிற்குப் பெயர் பதியும் பக்கத்தை அமைக்கும் பணியை நம் மன்றத்தார் என்னிடம் ஒப்படைத்தனர். பி.எச்.பி. மொழியில் எழுதினேன். பெயர் முப்பது எழுத்துக்கு மிகலாகாது என்பது விதி. ஆகவே, ஸ்டர்லென் தரும் எண் 30ஐத் தாண்டினால் மறுத்துவிடு என்று 'இஃப்' போட்டு ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரே வரி, வேலை முடிந்தது என்று எண்ணினேன்.

மறுநாள் முதலாண்டு மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். "அண்ணா, தமிழில் எழுதினால் பெயர் மிக நீளம் என்கிறது, ஆங்கிலத்தில் எழுதினேன், ஏற்றுக்கொண்டது" என்றார். அவர் பெயரில் எட்டே எழுத்துகள்! ஊரைவிட்டு இத்தனை தொலைவு வந்து, தமிழ் மன்றத்திலேயே தமிழ்ப் பெயர் செல்லாமற் போயிற்றே என்று நாணினேன். பிழை என்னுடையது.

ஸ்டர்லென் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. அதிலும் 'மி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. மெய்யின் புள்ளியும் அதற்குத் தனிக் குறியே. 'தமிழ்' என்னும் சொல்லைப் பாருங்கள்: எழுத்து 3, குறி 5, பைட்டு 15. 'திருநாவுக்கரசு' என்றாலோ எழுத்து 8, குறி 14, பைட்டு 42. முப்பதைத் தாண்டியதில் வியப்பென்ன?

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையலாகாது என்று இதே ஸ்டர்லென்னைக் காவல் வைத்தால், 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் தாராளமாக உள்ளே நுழைந்துவிடும்!

எனவே, நிபந்தனை எழுதுமுன் எந்த நீளம் வேண்டும் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கண் காணும் எழுத்தை எண்ண கிராபீம்_ஸ்டர்லென் உண்டு; அதற்கு 'இன்டில்' என்னும் நீட்சி தேவை. குறிகளை எண்ண எம்பி_ஸ்டர்லென் உண்டு. அதற்கு 'எம்பிஸ்டிரிங்' தேவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வார்கார் 30 என்று இடம் வகுத்தால், அது குறிகளையே எண்ணும். அங்கே இடம் போதுமா என்று பார்க்க எம்பி_ஸ்டர்லென்னே ஏற்றது. ஸ்டர்லென்னும் வீணன்று. பிகிரிப்ட் முறை கடவுச்சொல்லின் முதல் 72 பைட்டுகளை மட்டுமே கொள்ளும். அங்கே பைட்டுதான் அளவுகோல்.

நான் நிபந்தனையில் கிராபீம்_ஸ்டர்லென்னை வைத்தேன். ஓர் எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள் வருமாதலால், தரவுத்தளத்தில் இடத்தையும் 90 ஆக விரித்தேன். அந்த மாணவர் தம் பெயரைத் தமிழில் மீண்டும் பதிந்தார். வாயிலில் அட்டையும் தமிழிலேயே பெற்றார்.

நண்பர்களே, நீங்களும் இத்தகைய நிபந்தனை எழுதினால், ஆங்கிலப் பெயரை மட்டும் இட்டுப் பார்த்து நிறைவடையாதீர்கள். உங்கள் பெயரைத் தமிழில் ஒருமுறை இட்டுப் பாருங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.