திறந்த உலக சாகச ஆட்டங்கள்: ஈர்ப்பும் எரிச்சலும்

திறந்த உலக ஆட்டம் என்பது, ஆடுபவர் ஒரு பெரிய கற்பனை நிலப்பரப்பில் தாம் விரும்பிய திசையில், விரும்பிய வரிசையில் சென்று ஆடக்கூடிய நிகழ்பட ஆட்ட (வீடியோ கேம்) வகையாகும். கட்டம் கட்டமாக முன்னேறும் ஆட்டங்களில் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். இங்கே அப்படியில்லை. எதிரே ஆறு தெரிந்தால் கடந்து போகலாம், மலை தெரிந்தால் ஏறலாம், கதையை மறந்துவிட்டு ஊரைச் சுற்றலாம். ஆயினும் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்று நூறு மணி நேரம் கட்டிப்போடுகிறது. மற்றொன்று பத்தாவது மணியிலேயே விடுமுறைக்கால வீட்டுப்பாடம்போல் ஆகிவிடுகிறது. பரப்பளவோ படத்தின் அழகோ இதற்கு முதற்காரணம் அல்ல. அடுத்து எங்கே போவது என்ற ஆவல் ஆடுபவரின் மனத்தில் தானாக எழுகிறதா, எழுந்த ஆவலுக்கு அந்த உலகம் மறுமொழி தருகிறதா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் இது அமைகிறது.

தொடக்கம்

இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று 1984-இல் வெளிவந்த 'எலைட்'. டேவிட் பிராபென், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் பிபிசி மைக்ரோ என்ற சிறு கணினிக்காக இதை எழுதினர். 8 விண்மீன் திரள்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எங்கே போவது, என்ன வணிகம் செய்வது என்பது ஆடுபவர் விருப்பம். 1986-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' வந்தது. அதை உருவாக்கிய சிகேரு மியாமோட்டோ, சிறுவயதில் கியோத்தோ அருகே தம் ஊரைச் சுற்றியிருந்த காடு, குன்று, குகைகளில் அலைந்த அனுபவமே அதற்குத் தூண்டுதல் என்று கூறியுள்ளார். 2001-இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' ஒரு முழு நகரத்தையே முப்பரிமாணத்தில் நடமாட விட்டது.

பிரவுசிங் சென்டர் காலம்

தமிழ்நாட்டுச் சிறு நகரங்களுக்கு இவ்வகை ஆட்டம் பரவலாக அறிமுகமானது அதற்கு அடுத்த ஆட்டமான 'வைஸ் சிட்டி' (2002) வழியாகத்தான். திண்டுக்கல்லிலும் மணிக்கணக்கில் காசு வாங்கிய பிரவுசிங் சென்டர்களில் அதுவே பையன்களின் முதல் திறந்த உலகம். வன்முறை காரணமாக வயது வந்தோருக்கென்று வகைப்படுத்தப்பட்ட ஆட்டம் அது. பள்ளி மாணவர் கையில் இருந்திருக்கவே கூடாது, ஆனால் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதன் குறுக்குவழிச் சொற்களை (சீட் கோடு) எழுதி வைத்திருந்த மாணவர்களை அக்கால ஆசிரியர் பலரும் பார்த்திருப்பர். வாய்ப்பாட்டை விட அவை நன்றாக நினைவில் இருந்தன.

அவர்களில் பலர் கதைப் பணிகளைச் செய்யவே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓட்டுவார்கள், வானொலி கேட்பார்கள், படகைக் கண்டால் ஏறுவார்கள். புயல் எச்சரிக்கை என்று பாலம் மூடப்பட்டிருக்கும். அக்கரையில் என்ன இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். உரிமம் வாங்கும் வயது வராத, சொந்த சைக்கிள்கூட இல்லாத பையனுக்கு அது எவ்வளவு பெரிய உலகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எரிச்சலின் பாடமும் அதே ஆட்டத்தில் இருந்தது. தொலைவிலிருந்து இயக்கும் பொம்மை ஹெலிகாப்டரில் வெடிகுண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்று, கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் மாடிகளில் வைக்கும் பணி அது. முதல் குண்டை எடுத்ததும் நேரம் ஓடத் தொடங்கிவிடும். அதுவரை காரும் பைக்கும் ஓட்டிப் பழகிய கைக்கு விசைகள் எல்லாம் புதியவை. உலகெங்கும் பேர்போன தொல்லைப் பணி அது. அத்துடன் கதையைக் கைவிட்டவர்கள் ஏராளம். ஆட்டத்தைச் சேமிக்கவோ அதற்கென்று உள்ள வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வழியில் மின்சாரம் போனால் அந்த ஒரு மணி நேரக் காசு போனதுதான். அடுத்த நாள் வந்தால், சேமித்து வைத்ததன் மேலேயே வேறொருவர் சேமித்திருப்பார்!

கடினமாக இருந்ததனால் மட்டும் அந்தப் பணி வெறுக்கப்படவில்லை. ஊர் முழுவதும் உன் விருப்பம் என்று சொல்லிவிட்டு, திடீரென ஓர் அறைக்குள் அடைத்து, ஒரே வழியில்தான் செய்ய வேண்டும் என்றதே காரணம். பிற்காலத்து ஆட்டங்களிலும் இக்குறை தொடர்கிறது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' (2018) காட்டும் அமெரிக்க மேற்கு நிலம் வியப்பூட்டுவது. குதிரையில் எங்கும் போகலாம். ஆனால் கதைப் பணி தொடங்கியபின் குறித்த பாதையை விட்டுச் சற்று விலகினால் பணி தோல்வி என்று அறிவித்துவிடும்.

மலைக்குப் பின்னால் என்ன?

ஆவலைத் தூண்டுவதில் பெரிதும் பாராட்டப்படும் ஆட்டம் 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' (2017). அதன் நிலப்பரப்பை அமைத்தவர்கள் முக்கோண வடிவத்தை அடிப்படையாகக் கொண்டதாக விளக்கியிருக்கிறார்கள். இது புரிய திண்டுக்கல்லே நல்ல எடுத்துக்காட்டு. சமவெளியின் நடுவே ஒற்றைப் பாறையாக மலைக்கோட்டை நிற்கிறது. தொலைவிலிருந்து வருபவருக்கு அது ஓர் அடையாளம். அருகில் வந்தால் ஏறுவதா, சுற்றிப் போவதா என்று தேர்வு செய்யவேண்டும். அதன் பின்புறம் இருப்பதை அது மறைக்கிறது. ஏறி உச்சியில் நின்றால், அதுவரை கண்ணில் படாத சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் தெரிகின்றன. அடுத்து அங்கே போகவேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு முக்கோணம் செய்யும் வேலை இவ்வளவுதான். பெரிய முக்கோணம் தொலைவு அடையாளம். நடுத்தரமானது பார்வையை மறைக்கும் திரை. சிறியது நடைக்கு ஒரு மாறுதல். சமதரையில் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டால் ஆவலுக்கு இடமேது?

இடங்களுக்கு இடையிலான தூரத்தையும் கணக்கிட்டார்கள். இயக்குநர் ஹிதேமாரோ புஜிபயாஷி தம் ஊரான கியோத்தோவின் வரைபடத்தை ஆட்ட நிலத்தின் மேல் வைத்துப் பார்த்து, எவ்வளவு தூரத்துக்கு ஒன்றாக எதை வைப்பது என்று முடிவு செய்தார். கால் தேய நடந்து பழகிய ஊரின் அளவு அவருக்கு உடம்பிலேயே இருந்தது.

ஆவலுக்கு அடுத்தது விதிகளின் ஒழுங்கு. அவ்வாட்டத்தில் புல்லில் தீ வைத்தால் பரவும். தீயின் வெப்பத்தால் காற்று மேலெழும். அந்தக் காற்றில் பாய்மரத் துணியைப் பிடித்து மேலே போகலாம். இடியின்போது உலோக வாள் ஏந்தி நின்றால் மின்னல் தாக்கும். அதே வாளை எதிரியின் காலடியில் எறிந்தால் மின்னல் அவனைத் தாக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இப்படி ஒன்றைத் தானே கண்டுபிடித்தவர் எளிதில் மறப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் மாணவன் முகத்தில் எப்போதாவது தெரியும் மகிழ்ச்சி இதுதான்.

இதே ஆட்டத்திலும் எரிச்சல் உண்டு. பாதி மலை ஏறியபின் மழை பிடித்தால் கை வழுக்கும். நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆயுதங்கள் சில அடிகளிலேயே உடையும். இவ்விரண்டைப் பற்றியும் ஆடுபவர்கள் இன்றுவரை வழக்காடுகிறார்கள். உடைவதற்காவது நியாயம் உண்டு: புதிய ஆயுதம் தேடத் தூண்டுகிறது. மழைக்கு அந்த நியாயமும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பது ஆட்டமாகாது.

மேற்குத் தொடர்ச்சி மலை

நம் பகுதிக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. நாட்டி டாக் நிறுவனம் பிளேஸ்டேஷன் 4-க்காக 2017-இல் வெளியிட்ட 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' இந்தியாவில் நடக்கும் கதை. பேலூரும் ஹளேபீடும் தலைநகரங்களாகக் கொண்டு ஆண்ட ஹொய்சளரின் புதையலைத் தேடி குளோயி, நடீன் என்ற இரு பெண்கள் செல்கிறார்கள். (ஹொய்சளர் தமிழ்நாட்டுக்கும் அயலார் அல்லர், 13-ஆம் நூற்றாண்டில் சமயபுரம் அருகே கண்ணனூரிலிருந்தும் ஆண்டனர்.) முழு ஆட்டமும் திறந்த உலகம் அல்ல. பெரும்பாலும் ஒரே பாதையில் செல்வது. ஆனால் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்றே பெயரிட்ட நான்காம் அத்தியாயம் மட்டும் அகன்று விரிகிறது.

ஒரு கோபுரத்தின் உச்சியில் ஏறிப் பார்த்து, கண்ணில் பட்ட இடங்களைக் குளோயி தன் காகித வரைபடத்தில் தானே குறித்துக்கொள்கிறாள். மூன்று கோட்டைகளுக்கு ஜீப்பில் எந்த வரிசையிலும் போகலாம். இவற்றுக்கிடையே கட்டாயமல்லாத ஒரு தேடலும் இருக்கிறது: அங்கங்கே மறைந்திருக்கும் ஹொய்சளக் காசுகளைச் சேர்த்தால், புதையல் அருகில் வரும்போது அதிர்ந்து உணர்த்தும் கைவளை ஒன்று கிடைக்கும். அந்தப் பரிசு அடுத்த தேடலுக்கு உதவுகிறது. சில மணி நேரத்தில் முடிந்தும் விடுகிறது. கோயில்களின் சிற்ப அமைப்பில் கற்பனை நிறையவே கலந்திருந்தாலும், திறந்த நிலத்தை அளவோடு பயன்படுத்தியதற்கு இந்த அத்தியாயம் நல்ல சான்று.

குறிகளும் எண்ணிக்கையும்

எரிச்சலின் பெரிய ஊற்று வரைபடத்தில் குவியும் குறிகள்தாம். 'அசாசின்ஸ் கிரீட்' (2007) ஆட்டத்தில் 420 கொடிகள் சிதறிக்கிடக்கும். அத்தனையையும் பொறுக்கினாலும் கதையில் எதுவும் மாறாது. இரண்டாம் பாகத்தில் (2009) இதே வேலைக்கு ஒரு காரணம் கொடுத்தார்கள். கதைத்தலைவனின் தம்பி இறந்ததும் தாய் பேச்சை இழக்கிறாள்; தம்பி சேர்த்துவந்த இறகுகள் நூறையும் அண்ணன் தேடிக்கொண்டு வந்தால் தாய் மீண்டும் பேசுகிறாள். வேலை ஒன்றே, ஆனால் இங்கே மனம் ஈடுபடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பரிசாகக் கிடைக்கும் மேலங்கியை அணிந்தால் எந்த ஊருக்குப் போனாலும் காவலர்கள் உடனே அடையாளம் கண்டு துரத்துவார்கள்!

செல்டாவில் 900 சிறு வனதேவதைகள் ஒளிந்திருக்கின்றன. பைகளைப் பெரிதாக்க 441 விதைகளே போதும். பிடிவாதமாக 900-ஐயும் கண்டுபிடித்தவருக்குக் கிடைப்பது சாணி வடிவில் ஒரு பொன்னிறப் பொருள். எல்லாவற்றையும் தேடி முடிக்கச் சொல்லி வைக்கவில்லை, போகிற வழியில் கண்டு மகிழத்தான் வைத்தோம் என்று அந்தக் கேலி சொல்லாமல் சொல்கிறது. வரைபடத்தில் எண்ணிக்கையும் விழுக்காடும் வந்துவிட்டால், பார்ப்பதற்குப் பதில் முடிப்பது நோக்கமாகிவிடுகிறது. மதிப்பெண்ணுக்குப் படிப்பதும் அப்படித்தானே.

வெறும் பரப்பும் ஏமாற்றும். 'நோ மேன்ஸ் ஸ்கை' (2016) கணிதச் சூத்திரங்களால் 18 குவிண்டில்லியனுக்கும் மேற்பட்ட கோள்களை உருவாக்கியது. 18-க்குப் பின் பதினெட்டு சுழியங்கள்! வெளிவந்தபோது பலர் ஏமாந்தனர். நிறமும் தாவரமும் மாறினவே தவிர, செய்ய வேண்டியது எல்லாக் கோளிலும் ஒன்றாகவே இருந்தது. பல ஆண்டுகள் இலவசமாகச் சேர்த்துக்கொண்டே வந்த புதிய அம்சங்களால்தான் அது பின்னர் நற்பெயர் பெற்றது. மறுபுறம் 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) என்னும் ஆட்டத்தில் ஒரு சிறு சூரியக் குடும்பம் மட்டுமே. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கூடுதல் ஆயுதமோ பணமோ எதுவும் சேராது. முன் சுற்றில் ஆடுபவர் தெரிந்துகொண்டது மட்டுமே கையிருப்பு.

கடினம் வேறு, எரிச்சல் வேறு என்பதற்கு 'எல்டன் ரிங்' (2022) சான்று. தொடக்கத்திலேயே பொன்கவசக் குதிரைவீரன் ஒருவன் வழியில் நிற்பான்; மோதினால் நொடியில் தோல்வி. ஆனால் அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம். பலம் பெற்றுத் திரும்பி வரலாம். தோற்றவருக்கு வேறு வழி இருக்கும்வரை தோல்வி கசப்பதில்லை.

கதையின் அவசரம்

'தி விட்சர் 3' (2015) ஆட்டத்தில் வளர்ப்பு மகள் ஆபத்தில் இருக்கிறாள். 'ஃபால்அவுட் 4' (2015) ஆட்டத்தில் கைக்குழந்தையைக் கடத்திவிட்டார்கள். ஆனால் ஆடுபவரோ ஊர் ஊராகச் சீட்டாடுகிறார், குடிசை கட்டுகிறார். கதை ஓடச் சொல்கிறது, உலகம் நிற்கச் சொல்கிறது. இந்த முரணுக்கு முழுத் தீர்வு இன்னும் இல்லை. விட்சர் 3 ஓரளவு சமாளிப்பது அதன் கிளைக்கதைகளின் தரத்தால். சிறு பணி என்று தொடங்குவது ஒரு குடும்பத்தின் துயரக் கதையாக விரியும்.

சிறியதாகவே இருந்தாலும் ஆவல் எழலாம் என்பதற்குத் தமிழர் ஆக்கமான 'வெண்பா' (2023) நினைவுக்கு வருகிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட இது, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது பெற்றது. திறந்த உலகம் இல்லை, ஒரு சமையலறைதான். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஆடுபவரே ஊகித்து இட்லியும் புட்டும் செய்யவேண்டும்.

வழி கேட்டுப் போதல்

குறிகளின் தொல்லையை உருவாக்கியவர்களே உணர்ந்துள்ளனர். 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' (2018) ஆட்டத்தில் தேடல் முறை என்றொரு விருப்பத் தேர்வு உள்ளது. அதைத் தெரிவு செய்தால், போகவேண்டிய இடம் வரைபடத்தில் காட்டப்படாது. இன்ன நாட்டில், ஆற்றுக்கு மேற்கே, கோயிலுக்குத் தெற்கே என்று ஆட்டத்தில் வரும் மனிதர்கள் சொல்வார்கள். மீதியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நத்தம் சாலையில் இறங்கி ஒரு டீக்கடையில் வழி கேட்டால் ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார்கள். புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் முதலில் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து இப்படியொரு வசதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பல ஆட்டங்களில் சிறு வரைபடத்தையும் குறிகளையும் அணைத்துவிட முடியும்.