கருங்காலி மணி தண்ணீரில் மூழ்கினால் ஒரிஜினலா? இந்த டெஸ்ட் சொல்வது வேற!

கருங்காலி மாலை வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. மூழ்கினால் ஒரிஜினல், மிதந்தால் டூப்ளிகேட். ரீல்ஸ் முழுக்க இதே டெஸ்ட்தான். ஆனால், இது உண்மையில் சோதிப்பது எதை?

மரக்கட்டை என்பது கோடிக்கணக்கான குட்டிக் குழாய்களின் கட்டு. அந்தச் செல்களின் சுவர் எந்த மரத்திலும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்திதான்: கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். தண்ணீர் 1 கிராம். அப்படியென்றால் எல்லா மரமும் மூழ்கணுமே? மிதக்க வைப்பது உள்ளே இருக்கும் காற்று. தென் அமெரிக்க பால்சா கட்டையின் அடர்த்தி சுமார் 0.15, அதாவது 10-ல் 9 பங்கு வெற்றிடம். தேக்கு சுமார் 0.65, பாதிக்கு மேல் காற்றுதான். கருங்காலி 1-ஐ ஒட்டி நிற்கும். வெற்றிடம் மூன்றில் ஒரு பங்கு.

தேக்கை வெட்டினால் கண்ணுக்கே தெரியும் துளைகள், நீரை மேலே ஏற்றும் குழல்கள். கனத்தை முடிவு செய்வது அவைதான் என்று தோன்றும். பெரும்பாலும் இல்லை. கட்டையின் பெரும்பகுதி, மரத்தைத் தாங்கி நிற்கும் நார் செல்கள். பால்சாவில் அவற்றின் சுவர் மெல்லிசு, நடுத்துளை பெரிசு. கருங்காலியில் சுவர் தடித்து, துளை குறுகிப் போயிருக்கும். போதாததற்கு, 'வைரம் பாய்ந்த' நடுக்கட்டையில் கருநிறப் படிவுகள் செல்களுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும்.

ஆக, டம்ளர் டெஸ்ட் சொல்வது 'கட்டைக்குள் காற்று கம்மி' என்பதை மட்டும். செம்மரமும் மூழ்கும். சாயம் ஏற்றிய வேறொரு கனமரமும் மூழ்கும். நன்றாகக் காய்ந்த அசல் மணி மிதக்கவும் வாய்ப்புண்டு. இதில் பெயர்க் குழப்பம் வேறு: எபனி எனப்படும் மரமும் கருங்காலி, சித்த மருத்துவத்தில் பேசப்படும் அகேசியா வகை மரமும் கருங்காலி!

கதவுக்குத் தேக்கு வாங்கும்போதும் 'கனமா இருந்தா நல்ல கட்டை' என்பார்கள். ஈரம் காயாத கட்டையும் கனமாகத்தான் இருக்கும். தேக்கைக் கரையான் எளிதில் அண்டாததற்குக் காரணம் எடை இல்லை, அதில் ஊறியிருக்கும் வேதிப்பொருள்கள்.

எந்த மரம் என்று உறுதியாகத் தெரிய, குறுக்கே வெட்டிய முகத்தில் குழல்கள் அமைந்திருக்கும் விதத்தை 10 மடங்கு லென்ஸிலோ மைக்ராஸ்கோப்பிலோ பார்க்க வேண்டும். பெங்களூருவில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரியைக் கொடுத்தால் இந்தச் சோதனையைச் செய்து தருகிறார்கள்.