மூளையும் சித்தமும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் எரேமியா 18ஆம் அதிகாரத்துக் குயவன் வீட்டை விளக்குவது எளிது. ஆயினும் களிமண்ணுக்குச் சித்தமில்லை. மனிதனுக்கு உண்டென்றே மனந்திரும்புதலைப் போதிக்கிறோம். இதனை நரம்பியல் மறுக்கிறதா என வாலிபர் வினவுகின்றனர்.

மூளை எவ்வாறு முடிவெடுக்கிறது என்பது நம் நாட்டிலும் உயர்கல்வித் துறையாகியுள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் முனைவர் பட்டத்திற்கு இதனை ஆராய்கின்றனர். இத்துறையில் பெரும் விவாதத்தை எழுப்பியது, அமெரிக்கரான பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வு. விரும்பிய வேளையில் கையை அசைக்குமாறு சிலரிடம் கூறி, அவர்களது மூளையின் மின்னலைகளை அவர் பதிவுசெய்தார். அசைக்க எண்ணியதாக அவர்கள் குறித்த கணத்திற்கு ஏறக்குறைய மூன்றிலொரு வினாடி முன்னரே ஆயத்த அலை எழுந்தது. 'சித்தம் வெறும் மாயை' என்றனர் சிலர். லிபெட்டோ, எழுந்த உந்துதலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு எஞ்சியுள்ளது என்றார். அவ்வலை முன்கூட்டிய தீர்மானமன்று, மூளையில் இயல்பாக நிகழும் ஏற்றவிறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷூர்கரும் உடனாய்வாளரும் விளக்கினர். வழக்கு இன்னும் தீரவில்லை.

குடிக்கு அடிமையானவன், 'என் மூளை அப்படி' என்று ஆயரிடம் வரக்கூடும். அவனைப் பொறுப்பினின்று முற்றும் விடுவிப்பது ஒரு பிழை. மனம் வைத்தால் போதுமெனக் கடிந்து மருத்துவத்தைப் புறக்கணிப்பது மறு பிழை. விரும்பாததையே செய்யும் மனிதனின் போராட்டத்தை ரோமர் 7ஆம் அதிகாரத்தில் பவுல் மறைக்கவில்லை; விடுதலையைக் கிறிஸ்துவிடம் காண்கிறார். மூளையைப் படைத்தவரும் அவரே. ஆதலால் இத்துறையைப் பயில விழையும் சபைப் பிள்ளைகளை அச்சமின்றி வாழ்த்தி அனுப்புவோமாக.