கடை ஒருவருக்கு, பெயர்ப்பலகை இன்னொருவருக்கு!
ரோல்ஸ்ராய்ஸ், பென்ட்லி கார்கள் வணிகருக்குச் சொல்லும் பாடம்



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகக் கடை வைத்திருப்பவர்கள் பார்க்காத வண்டி இல்லை. லாரி, பஸ், டெம்போ போக, எப்போதாவது ஒருநாள் நீளமான கார் ஒன்று சத்தமே இல்லாமல் கடந்து போகும். "முதலாளி, ரோல்ஸ்ராய்ஸ் போகுது!" என்பான் கடைப் பையன். "இல்லடா, அது பென்ட்லி" என்பான் மூட்டை இறக்கிக் கொண்டிருப்பவன். கல்லாவில் இருக்கும் நாமும் எழுந்து எட்டிப் பார்ப்போம்.

பல கோடி ரூபாய் விலையுள்ள அந்த வண்டிகளை நாம் வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டு பெயர்களுக்கும் பின்னால் நம்மைப் போன்ற வியாபாரிகள் அவசியம் அறிய வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது.

முகம் பார்த்து அறிவது

ரோல்ஸ்ராய்ஸின் முன்பக்கம் கோயில் மண்டபத்துத் தூண்களைப் போல நேர்க்கோடாக நிற்கும். அதன் மேல் ஆடை காற்றில் பறக்க, முன்னோக்கிச் சாய்ந்த ஒரு பெண் சிலை. 1911 முதல் அந்தச் சிலைதான் அதன் அடையாளம். சக்கரம் உருண்டாலும் நடுவில் உள்ள இரட்டை 'ஆர்' எழுத்து தலைகீழாகாமல் நிமிர்ந்தே நிற்கும். ஃபேன்டம், கோஸ்ட் ஆகிய மாடல்களில் பின்கதவு மற்ற கார்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். கதவுக்குள்ளேயே குடை செருகியிருக்கும்.

பென்ட்லியின் முகம் வேறு. முன்பக்கம் வலை பின்னியது போல இருக்கும். இருபுறமும் வட்டமான விளக்குகள். இறக்கை விரித்த 'பி' எழுத்து அதன் சின்னம்.

மூன்றாவது போட்டியாளர் மேபாக். இது பென்ஸ் கம்பெனியின் வண்டி. 2002-ல் தனிக் காராக விற்கத் தொடங்கி, சரியாகப் போகாததால் நிறுத்தி, பிறகு 'மெர்சிடிஸ்-மேபாக்' என்று பென்ஸ் பெயரோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். பென்ஸ் நட்சத்திரமும் இரண்டு வண்ணப் பூச்சும் இதைக் காட்டிக் கொடுக்கும். வசதியில் குறைவில்லை. ஆனாலும் தனியாக நிற்க முடியாமல் பெரிய பெயரின் துணையைத் தேட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

குணத்திலும் வேறுபாடு

நம் காலத்து அம்பாசடரையும் ஃபியட்டையும் நினைத்துப் பாருங்கள். அம்பாசடர் என்றால் முதலாளி பின்னால் சாய்ந்து உட்காருவார், டிரைவர் ஓட்டுவார். ஃபியட் என்றால் டாக்டரோ வக்கீலோ தாமே ஓட்டிப் போவார். ரோல்ஸ்ராய்ஸ் பின்னால் உட்காருகிறவரின் வண்டி. அலுங்காமல், சத்தமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் குணம். பென்ட்லி தானே ஓட்ட விரும்புகிறவரின் வண்டி. பிரான்சில் நடக்கும் 24 மணி நேர லெமான்ஸ் பந்தயத்தில் 1924 முதல் 1930-க்குள் ஐந்து முறை வென்ற பரம்பரை அதற்கு உண்டு.

ஒரே செக்கு, இரண்டு லேபிள்

1904-ல் மான்செஸ்டரில் இருவர் சந்தித்தார்கள். ராய்ஸ், கார் செய்யும் பொறியாளர். ரோல்ஸ், லண்டனில் கார் விற்கும் வியாபாரி. செய்பவரும் விற்பவரும் சேர்ந்த கூட்டு அது. பென்ட்லி 1919-ல் தொடங்கிய போட்டிக் கம்பெனி. அது நொடித்தபோது, 1931-ல் ரோல்ஸ்ராய்ஸே வாங்கிவிட்டது.

அதன்பின் நடந்தது என்ன? போருக்குப் பிறகு இங்கிலாந்தின் க்ரூ நகரில் ஒரே தொழிற்சாலையில் இரண்டும் தயாராயின. 1965-ல் வந்த ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோவுக்கும் பென்ட்லி டி-க்கும் முன்முகமும் சின்னமும்தான் முக்கிய வேறுபாடு. நம் பகுதி மணிலாவை ஒரே செக்கில் ஆட்டி, இரண்டு டின்னில் ஊற்றி, இரண்டு லேபிள் ஒட்டியது போலத்தான். விளைவு, வாங்குவோரில் பெரும்பாலோர் பெரிய பெயரையே கேட்டார்கள். பென்ட்லி மங்கிப் போனது. 1982-ல் 'முல்சான் டர்போ' என்று வேகமான மாடலைக் கொடுத்து, பழைய குணத்தைத் திருப்பிய பிறகுதான் அந்தப் பெயர் மறுபடி எழுந்தது.

பெயருக்கு விலை நான்கு கோடி பவுண்டு

1998-ல் அந்தக் கார் கம்பெனி விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. தொழிற்சாலை வந்தது, வேலையாட்கள் வந்தார்கள், பென்ட்லி பெயரும் வந்தது. பெண் சிலையின் உரிமைகூட வந்தது. 'ரோல்ஸ்ராய்ஸ்' என்ற பெயர் மட்டும் வரவில்லை! அது 1970-களிலேயே தனியாகப் பிரிந்துவிட்ட விமான இஞ்சின் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் அதை பி.எம்.டபிள்யூ.வுக்கு 4 கோடி பவுண்டுக்குக் கொடுத்தார்கள். 2003 முதல் குட்வுட் என்னும் இடத்தில் புதுத் தொழிற்சாலை கட்டி, பி.எம்.டபிள்யூ.தான் ரோல்ஸ்ராய்ஸ் செய்கிறது. நம் சாலையிலேயே, செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் தொழிற்சாலை தொடங்கியதும் இதே பி.எம்.டபிள்யூ.தான்.

ஃபோக்ஸ்வேகன் அழுதுகொண்டு உட்காரவில்லை. கையில் இருந்த பென்ட்லிக்கு அதன் சொந்தக் குணத்தை வளர்த்து, இன்று எண்ணிக்கையில் ரோல்ஸ்ராய்ஸைவிட அதிகம் விற்கிறது.

நம் கணக்கு என்ன?

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறோம். கடை யாருக்கு, கிடங்கு யாருக்கு, வேன் யாருக்கு, வெளியே நிற்கும் பாக்கி யாருக்கு என்றெல்லாம் எழுதுகிறோம். அப்பா காலத்துப் பெயர்ப்பலகை யாருக்கு என்று எழுதுகிறோமா? மூன்று மாதத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு கடை. பிறகு வக்கீல் வீட்டுக்கு நடை. அத்தனை பெரிய கம்பெனியே ஏமாந்த இடம் இது.

எனவே பாகப்பத்திரத்திலும் கூட்டு வியாபாரப் பத்திரத்திலும் பெயருக்கென்று ஒரு வரி எழுதுங்கள். சொந்தமாக அரிசி, எண்ணெய், மசாலாத்தூள் பாக்கெட் போடுகிறவர்கள் 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி பெயரைப் பதிவு செய்யுங்கள். சமையல் எண்ணெய் 29-ம் வகுப்பு. அரிசி, மசாலா, காபி, டீ 30-ம் வகுப்பு. 2017 விதிகளின்படி தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும்; பிறகு புதுப்பித்துக் கொள்ளலாம்.

அடுத்த முறை அந்த நீளமான கார் கடையைக் கடக்கும்போது முகத்தைப் பார்த்து எது என்று பையனுக்குச் சொல்லுங்கள். அப்படியே திரும்பி, நம் கடைப் பெயர்ப்பலகையையும் ஒருமுறை பாருங்கள். அந்தப் பெயர் இன்று யாருடைய பேரில் இருக்கிறது?