பழைய டிரெயிலர் வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்

கனமான யந்திரங்களை ஏற்றி டிராக்டரிற் பூட்டி இழுக்கப் பழைய டிரெயிலர் வாங்கும் குடியானவர்கள், கிரயக் குறைவையும் புது வர்ணத்தையும் கண்டு ஏமாறலாகாது. வர்ணம் வெல்டிங்கிலுள்ள விரிசலை மறைத்துவிடும். சேஸிஸின் அடிப்புறத்தையும், கொக்கித் துளையின் தேய்மானத்தையும் பரிசோதித்தல் அவசியம். டயரில் 2319 என்றிருப்பின், அது 2019-ஆம் வருஷத்து 23-ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாகும். சேஸிஸ் எண் பதிவுப் புத்தகத்துடன் ஒத்திருத்தல் வேண்டும்.

இரு சக்கர டிரெயிலரில் பின்பாரம் மிகுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். முன்பாரம் மிகுந்தால் அதன் முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்புதற்கு இடமிராது. ஆகையால் பாரத்தை அச்சுக்குச் சற்றே முன்னாக வைத்துச் சங்கிலியால் இறுகப் பிணித்தல் வேண்டும். பிரேக்கில்லாத டிரெயிலர் இறக்கத்தில் டிராக்டரையே தள்ளும். இறங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்க. வாங்கும்போது மிஞ்சிய பணம் ஓட்டுபவன் உயிருக்கு ஈடாகாது.